இணையத்திலும் மந்திரமா?

புரோகிதன் மந்திரம் சொல்லுகிறான். கேட்கிறவனுக்கு அது விளங்குவதில்லை; பல சமயங்களில் சொல்லுகிறவனுக்கே விளங்குவதில்லை. விளங்காத காரணத்தினாலேயே அதற்கு மதிப்பும் தட்சணையும் ஏற்படுகின்றன. இந்தச் சங்கதி நமது வாசகர்களுக்குப் புதிதல்ல. ஆனால் இன்று ஹோமப் புகையும் தர்ப்பைப் புல்லும் இல்லாமலே, ஒரு செல்போன் கண்ணாடிக்குள் அதே காரியம் நடந்து வருவதைப் பற்றித்தான் இவ்வாரம் எழுத முன்வந்தோம். அதாவது, அரசாங்க இலாகாக்களும் பாங்குகளும் பல்கலைக்கழகங்களும் ஜனங்களுக்கென்று சொல்லிக்கொண்டு இணையத்தில் எழுதி வைத்திருக்கும் தமிழைப் பற்றியதாகும்.

சென்ற மாதம் நமது தெருவில் வீட்டு வேலை செய்து பிழைக்கும் ஓர் அம்மாள், உதவித் தொகைக்கு மனுப் போட்ட விஷயமாக நம்மிடம் வந்தார். செல்போனை நீட்டி, "ஐயா, இதுல என்னமோ வந்திருக்கு, என்னான்னு பாருங்க" என்றார். அதில் கண்டிருந்த வாசகமாவது:

"தங்களால் சமர்ப்பிக்கப்பெற்ற மனுவுடன் இணைக்கப்பட்டுள்ள வருவாய்ச் சான்றின் செல்லத்தக்க காலம் முடிவுற்றுள்ளமை சரிபார்ப்பின்போது கண்டறியப்பட்டுள்ளதால், உரிய சான்று 15 நாட்களுக்குள் மறுசமர்ப்பிக்கப்படாத நேர்வில் மேற்படி மனு நிராகரிக்கப்படலாகும்."

நாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்ல என்றாலும், இருபது வருஷத்துக்கு மேலாக எழுத்தையே கட்டிக்கொண்டு அழுகிறவர்கள். நமக்கே இது மூன்றாம் தடவை படித்த பிறகுதான் பிடிபட்டது. இதிலுள்ள விஷயம் என்ன? "உங்கள் வருமானச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. 15 நாளைக்குள் புதியது கொடுங்கள். கொடுக்காவிட்டால் மனு தள்ளப்படும்." இவ்வளவுதான். இதை அந்த அம்மாளிடம் சொன்னவுடன், "அட பாவிகளா, இதைத்தான் சொன்னாங்களா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஏனெனில் அந்தச் சேதி வந்து 11 நாள் ஆகியிருந்தது. இதற்கு நடுவே கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவரிடம் காட்டி, 100 ரூபாயும் கொடுத்து, "எல்லாம் சரியாக இருக்கிறது, காத்திருங்கள்" என்ற பதிலையும் வாங்கி வந்திருந்தார். கடைக்காரருக்கும் அது விளங்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் விளங்கவில்லை என்று சொன்னால் தட்சணை கிடைக்குமா?

அந்த வாசகத்தை இன்னொரு தடவை பாருங்கள். சமர்ப்பிக்கப்பெற்ற, இணைக்கப்பட்டுள்ள, கண்டறியப்பட்டுள்ள, நிராகரிக்கப்படலாகும் என்று எங்கு பார்த்தாலும் பெறுதலும் படுதலுமாகவே இருக்கின்றதே ஒழிய, செய்கிறவன் ஒருவனையாவது காணோம். கண்டறிந்தவர் யார்? நிராகரிக்கப் போகிறவர் யார்? எந்த ஊரில், எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்? அவரிடம் போய், "ஐயா, நான்கு நாள் தவணை கொடுங்கள்" என்று கேட்க வழி உண்டா? ஒன்றும் இல்லை. எல்லாம் தானாகவே நடக்கின்றது. தலையெழுத்து என்று சொல்லி மனிதனை ஏமாற்றியவர்களும் இதே இலக்கணத்தைத்தான் கையாண்டார்கள். எழுதியவன் முகவரி அதிலும் கிடையாது, இதிலும் கிடையாது. ஆகவே இதை வெறும் நடைக் குற்றம் என்று நாம் சொல்லத் தயாராயில்லை. பொறுப்பிலிருந்து தப்பித்துக்கொள்ளும் உத்தியோகத் தந்திரம் என்றே சொல்லுகின்றோம்.

"நம் மாகாணத்தில்தான் படிப்புப் பெருகிவிட்டதே" என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். 2011 ஜனக்கணிதப்படி தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100க்கு 80 பேர். மீதி 20 பேரை என்ன செய்வதாக உத்தேசம்? அந்த 80 பேரிலும், ஏதாவதொரு பாஷையில் பொருள் தெரிந்து எழுதப் படிக்க வருமானால் போதும், அவரைக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் இத்தனை வகுப்பு என்ற நிபந்தனை கிடையாது. அப்படிப்பட்டவரிடம் "முடிவுற்றுள்ளமை" என்று கொண்டுபோய் நீட்டினால் அவர் என்ன செய்வார்?

நிற்க, இனி கண் தெரியாத தோழர்கள் விஷயம். 2011 கணக்குப்படி இந்தியாவில் உடல் ஊனமுற்றோர், மாற்றுத் திறனாளிகள் என்று பதிவானவர்கள் 2 கோடியே 68 லட்சம் பேர். அதில் பார்வைக் குறை உள்ளவர்கள் மட்டும் 50 லட்சத்துக்கு மேல். கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் என்னும் கருவி இன்று இருக்கின்றது. டாக்பேக் என்பது செல்போனுக்குள்ளேயே வருகின்றது. என்.வி.டி.ஏ. என்பதை ஆஸ்திரேலியாவில் கண் தெரியாத இரண்டு வாலிபர்களே உண்டாக்கி, உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். எந்தத் தெய்வமும் கொடுக்காத கண்ணை மனிதன் புத்தி கொடுத்திருக்கின்றது என்று நாம் மார்தட்டிக் கொள்ளலாம். ஆனால் நமது ஆட்கள் அந்தக் கண்ணிலும் மண்ணைத் தூவுகிறார்களே, அதை என்னவென்று சொல்வது?

எப்படி எனில், ஓர் உத்தரவை எழுத்தாகவே அனுப்பலாம். அதை விட்டுக் காகிதத்தில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, பிறகு அதைப் போட்டோ பிடித்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். கண்ணுள்ளவனுக்கு அது எழுத்து. கருவிக்கு அது வெறும் படம். திரைவாசிப்பான் அங்கே போய் ஊமையாக நின்றுவிடுகின்றது. வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரமாக இருந்தாலும் கதி இதுதான். கடைசித் தேதி எது என்று கேட்க ஒரு கண்ணுள்ளவனைத் தேடி ஓட வேண்டும்.

இதைவிட வேடிக்கை பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள். அவை தமிழ் எழுத்துகளே அல்ல. இங்கிலீஷ் எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்டவை. "தமிழ்" என்று கண்ணுக்குத் தெரியும் இடத்தில் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கருவி உள்ளதை உள்ளபடி படிக்குமே தவிர வேஷத்தைப் பார்த்து மயங்காது. ஆகவே தமிழ்ப் பெருமை பேசும் பக்கத்தைத் திறந்தால் "ஜே கே பி ஓ" என்று காதில் விழுகின்றது! தமிழ்நாட்டு அரசாங்கம் 2010லேயே யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் இந்த வேஷம் கலையவில்லை. இன்னும் சில பக்கங்களில் "இங்கே சொடுக்கவும்", "இங்கே சொடுக்கவும்" என்று இருபது இடத்தில் எழுதியிருப்பார்கள். கண் தெரியாதவர் இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்டுக்கொண்டு போவது வழக்கம். அவருக்கு இருபது "இங்கே" கேட்கும். எங்கே என்பது கேட்காது. "விண்ணப்பப் படிவம்" என்று எழுதினால் கை வலிக்குமா?

இவை யாரோ தயவு வைத்துச் செய்ய வேண்டிய தருமம் என்று எண்ண வேண்டாம். 2016ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், தொடர்புக்கான வழிகள் எவையெவை என்று சொல்லும் இடத்தில், பிரெய்ல், பெரிய எழுத்து, சைகை மொழி இவற்றோடு எளிய மொழியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றது. சுப்ரீம் கோர்ட்டும் 2025 ஏப்ரல் 30ல், இணைய வசதிகள் எட்டும்படி இருப்பது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த வழக்கு எதனால் வந்தது தெரியுமா? ஆசிட் வீச்சில் கண் சிதைந்த பெண் ஒருவரைப் பார்த்து, "நீ உயிருள்ள மனுஷிதான் என்று காட்டக் கண்ணைச் சிமிட்டு" என்று பாங்குக் கணக்கு ஆரம்பிக்கும் முறை கேட்டது. சிமிட்ட முடியாதவர் மனிதர் அல்ல போலும்! சட்டம் இருக்கின்றது, தீர்ப்பு இருக்கின்றது, புரியும்படி எழுதும் யோக்கியதைதான் இன்னும் வந்து சேரவில்லை.

உலகத்தார் வகுத்த இணைய அணுகல் விதிகளிலும் நமக்கு ஒரு சண்டை உண்டு. கீழ் நடுநிலைப் பள்ளிப் படிப்புக்கு மேல் தேவைப்படும்படி எழுதினால் பக்கத்திலேயே எளிய விளக்கமும் கொடு என்று அதில் ஒரு விதி இருக்கின்றது. நல்ல விதிதான். ஆனால் மூன்று படிகளில் மேல் படியில் அதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். நமது இந்திய அரசாங்கத்தார் இணையதளங்களுக்கு ஏற்றிருப்பதோ இரண்டாவது படி வரைதான். ஆக, படத்துக்கு விளக்கம் எழுதுவது கட்டாயம். மனிதனுக்கு விளங்க எழுதுவது உறியில் தொங்கும் பலகாரம்.

அதோடு, இங்கிலீஷ்காரர்கள் வாக்கியத்துக்கு இத்தனை வார்த்தை, வார்த்தைக்கு இத்தனை அசை என்று எண்ணிப் பார்த்து எளிமையை அளக்கிறார்கள். அந்த அளவுகோலைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தால் உதவாது. "கொடுக்கவேண்டியிருக்கிறது" என்பது ஒரே வார்த்தை, நீளமான வார்த்தை; ஆனாலும் குழந்தைக்கும் விளங்கும். "நேர்வு" என்பது மூன்றே எழுத்து, கிழவனுக்கும் விளங்காது. தமிழுக்கு நமக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். எழுதியதை டீக்கடையில் உட்கார்ந்து ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டி, "என்ன புரிந்தது, சொல்லுங்கள்" என்று கேட்பது. கேட்டால் மானம் போகும் என்று நினைக்கிறவர் எழுத்து வேலைக்கு வரக்கூடாது.

இனிப் பண்டிதர்கள். எளிமையாக எழுதச் சொன்னால், "தமிழின் தரம் கெடும்" என்று புறப்பட்டு வருவார்கள். தமிழில் புதுச் சொல் வருவதற்கு நாம் விரோதிகளல்லர். "இணையம்" என்பது நல்ல சொல், ஜனங்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. "கடவுச்சொல்" என்பதை முதன்முதல் பார்த்தபோது நமது இயக்கத்து முதியவர் ஒருவர், "நம்மைப் போய்க் கடவுள் சொல்லைக் கேட்கிறானே, போடமாட்டேன்" என்று செல்போனை மூடிவிட்டார்! விஷயம் தெரிந்த பிறகு அவரே சிரித்தார். ஆனால் ஊரெல்லாம் ரேஷன் கார்டு என்று சொல்லும்போது "மின்னணு குடும்ப அட்டை" என்று மட்டும் எழுதி வைத்து, தேடுகிறவனுக்கு அகப்படாமல் செய்வது தமிழ்த் தொண்டா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் எந்த இலக்கணம் இடிந்து விழும்? 1935ல் "குடி அரசு" எழுத்துகளில் சிலவற்றை மாற்றி அச்சடித்தபோதும் தமிழ் செத்துவிடும் என்று இதே கூக்குரல்தான் எழுந்தது. 1978ல் அரசாங்கமே அதில் பெரும்பகுதியை ஏற்றது. தமிழ் செத்ததா? பிள்ளைகள் எழுத்தைச் சுருக்காகக் கற்றார்கள், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் நாட்டில் மட்டும் இந்தப் பித்தலாட்டம் இல்லாமலிருந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் கிரிஸ்ஸி மேஹர் என்னும் ஏழைக் குடும்பத்து அம்மாள், பிள்ளைப் பருவத்தில் சரியான பள்ளிப்படிப்பு வாய்க்காமல், வெகு தாமதமாக எழுதப் படிக்கக் கற்றவர். அவர் 1979ல் லண்டன் பார்லிமெண்டு சதுக்கத்தில் நின்று, புரியாத அரசாங்கப் பாரங்களை எல்லோர் முன்னிலையிலும் சுக்கு நூறாக்கிக் காட்டினார். இன்று அந்நாட்டு அரசாங்க இணையதளத்தார் ஒன்பது வயதுப் பிள்ளை படிக்கும் அளவில் எழுத வேண்டும் என்று தங்கள் ஆட்களுக்கே சொல்லிவைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2010ல், நியூசிலாந்தில் 2022ல், எளிய மொழிக்கென்றே சட்டம் செய்தார்கள். நமது சட்டசபையில் தமிழைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. மனுதாரருக்குப் புரியாத தமிழை எழுதிய உத்தியோகஸ்தரை ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

இவ்வளவு பேசிய பிறகு நமது முதுகையும் பார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா? நமது மேடைப் பேச்சாளர்களின் அடுக்குமொழியைப் பாதி ஜனங்கள் கைதட்டுவதற்காகக் கேட்கிறார்களே தவிர, வீட்டுக்குப் போய் என்ன சொன்னார் என்று கேட்டால் விழிக்கிறார்கள். பத்திரிகையின் யோக்கியதையும் அதிகமில்லை. இரண்டு மாதத்துக்கு முன் கண் தெரியாத தோழர் ஒருவர், "பகுத்தறிவு எல்லோருக்கும் என்று எழுதுகிறீர்கள். உங்கள் பழைய இதழ்களை இணையத்தில் படமாகப் போட்டிருக்கிறீர்களே, எனக்குப் பகுத்தறிவு வேண்டாமா?" என்று கேட்டு எழுதியிருந்தார். பதில் சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை. கோயிலுக்குள் விடாதவனைத் திட்டிக்கொண்டே நமது வாசற்கதவைச் சாத்தி வைத்திருந்தோம் என்பது அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது.

ஆகவே வருகிற இதழிலிருந்து எல்லாக் கட்டுரைகளையும் எழுத்தாகவே ஏற்ற ஏற்பாடு செய்திருக்கின்றோம். பழைய இதழ்களைத் தட்டச்சு செய்யத் தோழர்கள் நான்கு பேர் முன்வந்திருக்கிறார்கள். இன்னும் பத்துப் பேர் வேண்டும். கடிதம் எழுதிய தோழரே அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு கட்டுரையையும் கேட்டுப் பார்த்துச் சொல்ல இசைந்திருக்கிறார். இந்தக் கட்டுரையில் அவர் புரியவில்லை என்று குறித்துக் கொடுத்த இடங்கள் பதினொன்று. ஒன்பதை மாற்றிவிட்டோம். இரண்டை மாற்ற மனம் வராமல் விட்டு வைத்திருக்கின்றோம். எவை என்று வாசகர்கள் கண்டுபிடித்து எழுதினால் அவற்றையும் திருத்தி ஏற்றுவோம்.