இரண்டாம் பார்வையில் ஒரு போர் நாடகம்

நல்ல நூலொன்றை இரண்டாம் முறையும் படிக்கவேண்டும் என்று ஆசிரியர்கள் மாணவருக்குச் சொல்வதுண்டு. முதல் வாசிப்பிலே கதை நம்மை இழுத்துச் செல்கின்றது; இரண்டாம் வாசிப்பிலே நாம் கதையை நிறுத்தி வைத்து விசாரிக்கின்றோம். இது நூலுக்கு மாத்திரம் உரிய விதியன்று. தொலைக்காட்சி நாடகத்துக்கும் பொருந்தும். போரைப் பற்றிய நாடகமாயின் இன்னும் அதிகமாகப் பொருந்தும். போர்க் கதையை முதன்முறை பார்க்கும்போது நம் மனத்தை ஆட்கொள்வது ஒரே கேள்விதான்: யார் பிழைப்பார், யார் மடிவார்? அதற்கு விடை தெரிந்த பின்னரே மற்றக் கேள்விகள் தலையெடுக்கின்றன.

‘பாண்ட் ஒஃப் பிரதர்ஸ்’ என்னும் பத்துப் பகுதி நாடகம் இத்தகைய இரண்டாம் பார்வைக்கு உரியது. அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் 2001 செப்டெம்பர் 9ஆந் திகதி இதனை ஒளிபரப்பத் தொடங்கியது. ஸ்டீவன் ஸ்பீல்பேர்க், டொம் ஹாங்ஸ் ஆகிய இருவரும் முன்னின்று தயாரித்தனர். வரலாற்றாசிரியர் ஸ்டீபன் அம்புரோஸ் 1992இல் வெளியிட்ட நூலே இதன் மூலம். அமெரிக்க 101ஆம் வான்வழிப் படைப்பிரிவின் 506ஆம் பரசூட் றெஜிமென்டைச் சேர்ந்த ‘ஈசி’ கம்பனி, 1942இல் ஜோர்ஜியாவின் டொக்கோவா முகாமிற் பயிற்சி தொடங்கியது முதல் 1945இல் ஒஸ்திரியாவிற் போர் முடிவை எட்டியது வரையுள்ள கதை அது. தொடர் ஆரம்பித்த இரண்டாம் நாளே நியூ யோர்க்கின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்தன. நாடகத்தை எடுத்தவர் எண்ணியிராத வேறொரு போர்க்காலத்தின் கண்களோடு அமெரிக்கர் அதனைப் பார்க்க நேர்ந்தது.

நாடகத்தைப் பற்றிப் பொதுவாக வழங்கும் தீர்ப்பு யாவரும் அறிந்ததே. போர்வீரன் கொடிக்காகப் போரிடுவதில்லை, கொள்கைக்காகவும் போரிடுவதில்லை. தன் பக்கத்தில் நிற்பவனுக்காகவே போரிடுகிறான் என்பது அது. ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில் மன்னன் தன் படையினரைச் சகோதரர் குழாமென அழைக்கும் இடத்திலிருந்தே தலைப்பும் எடுக்கப்பட்டது. இத்தீர்ப்பு பிழையன்று, ஆயினும் போதாது. சகோதரத்துவம் ஓர் உயர்ந்த உண்மை. அதே வேளை, அது ஒரு வட்டம். வட்டத்துக்குள் நிற்பவரை அது காக்கும்; வெளியே நிற்பவரை மறைக்கும். முதற் பார்வையில் நாம் வட்டத்துக்குள் இருந்து பார்க்கிறோம். இரண்டாம் பார்வையில் அதன் விளிம்பு தெரியத் தொடங்குகின்றது.

முதலில் நாடகத்தின் மெய்யான சாதனையைச் சொல்லிவிடுதல் நியாயம். ஒவ்வொரு பகுதியும் போரிலே நின்ற முதியவர்கள் நேராக நம்மைப் பார்த்துப் பேசுவதோடு தொடங்குகின்றது. அவர்கள் பெயர் நமக்குச் சொல்லப்படுவதில்லை. பத்தாம் பகுதியின் முடிவிலேதான் பெயர்கள் திரையில் வருகின்றன. அதுவரை நாம் கண்ட இளைஞருள் எவர் இந்த முதியவரானார் என்பது அப்பொழுதுதான் தெரிகின்றது. இஃது ஓர் உத்தியாக மட்டும் நின்றுவிடவில்லை. நம் பரணிகள் பாட்டுடைத் தலைவனைப் பாடின. களத்திலே விழுந்த சாதாரண மறவனின் பெயரை நடுகல்லே தாங்கி நின்றது. இந்நாடகமும் தளபதிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு நடுகல்லின் பணியையே செய்கின்றது. அந்தக் கம்பனியில் இறுதியாக எஞ்சியிருந்தவரும் 2022 ஜூலையில் மறைந்துவிட்டார். இன்று அந்த முகங்களைப் பார்ப்பவர் அனைவரும் இல்லாதவரின் சாட்சியத்தையே கேட்கின்றனர்.

ஐந்தாம் பகுதி மற்றுமொரு சான்று. 1944 ஒக்டோபரில், ஒல்லாந்திலே, றிச்சர்ட் வின்டர்ஸ் என்னும் அதிகாரி ஓர் அணைக்கரையின் மேல் தன் ஆட்களுக்கு முன்னதாகத் தனியே ஓடி ஏறுகிறார். மறுபுறத்தே ஒரு ஜேர்மானியச் சிறுவன் குந்தியிருந்து அவரை நிமிர்ந்து பார்க்கிறான். வின்டர்ஸ் சுடுகிறார். பின்னர் அதே அதிகாரி தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து அச்சண்டையைப் பற்றிய அறிக்கையை எழுதுகிறார். அறிக்கையில் எண்ணிக்கைகள் உண்டு. பையனின் முகம் இல்லை. பிறகு பாரிஸ் நகரத்துப் புகையிரதத்தில் எதிரே இருக்கும் ஒரு சிறுவனைக் கண்டதும் அந்த முகம் திரும்பி வருகின்றது. முதல் முறை பார்க்கும்போது நாம் சண்டையை எதிர்பார்த்து அறிக்கை எழுதும் காட்சிகளைச் சற்றுப் பொறுமையின்றிக் கடந்துவிடுகிறோம். இரண்டாம் முறை பார்க்கையில் அப்பகுதியின் பொருளே அந்தத் தட்டச்சுப் பொறியில்தான் இருக்கின்றது என்பது விளங்குகின்றது. அரசாங்கங்களின் ஏடுகளில் ஏறும் போருக்கும் மனிதன் சுமந்து திரியும் போருக்கும் உள்ள தூரம் அது.

ஏழாம் பகுதியின் முடிவும் அத்தகையதே. பஸ்தோன் நகரைச் சூழ்ந்த பனிக்காட்டிலே ஒரு மாதம் கிடந்து, ஃபொய் கிராமத்தைக் கைப்பற்றிய பின், எஞ்சியவர்கள் ஒரு கன்னியர் மடத்திலே இரவைக் கழிக்கின்றனர். சிறுமியர் பாடுகின்றனர். லிப்டன் என்னும் சார்ஜன்ட் தன் மனத்துள் கணக்குப் பார்க்கிறார். பெல்ஜியத்துக்குள் நுழைந்தவர், பின்னர் வந்து சேர்ந்தவரோடு, 145 பேர்; வெளியேறுவோர் 63 பேர். வாங்குகளில் அமர்ந்திருந்த வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக மங்கி மறைகின்றனர். வெடியோசையின் நடுவே நமக்குப் புலப்படாத இழப்பு அந்த அமைதியிலே புலப்படுகின்றது.

இத்தனை நுட்பமான கலைஞர்கள் தம் வட்டத்தின் எல்லையை அறியாதவராய் இருந்திருப்பரா? அவர்கள் அறிந்திருந்தனர் என்பதற்கு நாடகத்துள்ளேயே ஆதாரங்கள் உண்டு.

நான்காம் பகுதியைப் பாருங்கள். நோமண்டிச் சண்டைக்குப் பின்னர் வந்து சேர்ந்த மில்லர் என்னும் புதியவன் படைப்பிரிவுக்கு வழங்கப்பட்ட பாராட்டுப் பட்டியைத் தன் நெஞ்சில் அணிந்திருக்கிறான். அணிவதற்கு அவனுக்கு விதிப்படி உரிமை உண்டு. எனினும் பழைய வீரன் ஒருவன், ‘நீ அங்கு இருந்தாயா?’ என்னும் பொருள்பட இடித்துரைக்க, அவன் அதனைக் கழற்றிவிடுகிறான். சில நாட்களில் ஒல்லாந்துக் களத்திலே மடிந்தும் போகிறான். முதற் பார்வையில் இது பாசறைக் கேலியாகவே தோன்றும். அவன் முடிவை அறிந்து பார்க்கும்போது, சகோதரத்துவம் தன் வாசலில் வாங்கும் கட்டணம் எத்தகையது என்பதை உணர்கிறோம்.

அந்தப் பட்டியைப் பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. அது நாடகத்தில் இல்லை. பஸ்தோன் முற்றுகையின்போது 101ஆம் படைப்பிரிவுக்குப் பக்கபலமாக நின்று பீரங்கி முழக்கியவற்றுள் 969ஆம் களப் பீரங்கிப் படையணியும் ஒன்று. கறுப்பின வீரர்களைக் கொண்டது அது. நிறப் பிரிவினை அமெரிக்க இராணுவத்தில் நிலவிய காலம் அது. 1948இலேதான் ஜனாதிபதி ட்ரூமனின் கட்டளை அதற்கு முடிவு கட்டத் தொடங்கியது. பஸ்தோனில் நின்றமைக்காக அப்படையணிக்கும் அதே வகைப் பாராட்டு வழங்கப்பட்டது. ஆயினும் திரையிலே காட்டுக்குள் பனியில் உறையும் முகங்களுள் அவர்கள் முகம் இல்லை.

தாதியர் இருவரின் கதையும் இவ்வாறானதே. ஆறாம் பகுதியில், ரெனே லெமேர் என்னும் பெல்ஜியத் தாதிக்கும் யூஜின் ரோ என்னும் களவைத்திய உதவியாளனுக்கும் இடையில் மெல்லிய நட்பொன்று அரும்புகின்றது. 1944 டிசெம்பர் 24ஆந் திகதி வீழ்ந்த குண்டில் ரெனே மடிகிறார். அவருடைய நீலத் தலைத்துணியைக் கிழித்து ரோ ஒரு நண்பனின் காயத்துக்குக் கட்டுகிறான். உள்ளத்தை உருக்கும் காட்சி. அவரோடு பணியாற்றிய கறுப்பினத் தாதியோ, ‘அன்னா’ என்ற பெயரில் சில கணங்களே தோன்றி மறைகிறார். அவருடைய மெய்ப்பெயர் ஒகஸ்டா ஷிவி. இன்றைய புருண்டியில், கொங்கோவைச் சேர்ந்த தாய்க்கும் பெல்ஜியத் தந்தைக்கும் பிறந்தவர். அந்தக் குண்டுவீச்சில் அவர் உயிர் தப்பினார். நாடகம் ஒளிபரப்பாகிப் பத்தாண்டுகளின் பின், 2011இலேதான் அமெரிக்க இராணுவம் அவரைத் தேடி வந்து கௌரவித்தது. 2015இல் தமது 94ஆம் வயதிற் காலமானார். உலகம் கண்ணீர் விட்டது ரெனேக்காக. உயிரோடு இருந்த ஒகஸ்டாவைப் பற்றி எவரும் விசாரிக்கவில்லை.

விசாரியாமையின் விளைவை இன்னும் தெளிவாகக் காட்டுவது அல்பேர்ட் பிளைத்தின் கதை. மூன்றாம் பகுதி முழுதும் இவ்விளைஞனின் அச்சத்தைச் சுற்றியே அமைந்தது. அச்சத்தாற் கண்பார்வையே சில நேரம் மறைந்துபோன ஒரு வீரனை இத்துணைக் கனிவோடு வேறெந்தப் போர் நாடகமும் காட்டியதை நாம் கண்டதில்லை. ஆனால் அப்பகுதியின் முடிவில் திரையில் தோன்றும் வாசகம், பிளைத் தம் காயத்திலிருந்து மீளவில்லை, 1948இல் இறந்தார் என்று கூறுகின்றது. உண்மை யாது? பிளைத் குணமடைந்தார், இராணுவத்திலேயே தொடர்ந்தார், கொரியப் போரிலும் பணியாற்றினார், 1967இலேயே காலமானார். ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கின்றது. ஈசி கம்பனியின் நண்பர்கள் அவரோடு தொடர்பற்றுப் போனமையால் அவர் இறந்துவிட்டதாகவே நம்பினர். நூல் அதனை எழுதியது. நாடகம் அதனை உலகமெங்கும் கொண்டுசென்றது. வட்டத்தின் கண்ணுக்கு மறைந்தவன் இறந்தவனாகிவிட்டான்! கற்பனைப் பாத்திரமாயின் ஆசிரியன் விருப்பப்படி கொல்லலாம். மெய்ப்பெயரைச் சூட்டி, மெய்ச் சாட்சிகளை முன்னிறுத்திச் சொல்லும் கதைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

கப்டன் ஹேர்பேர்ட் சோபலின் கதை இன்னும் கசப்பானது. கம்பனியைப் பயிற்றிய முதல் தலைவர் அவர். சிறுமனம் படைத்த கொடியவராக நாடகம் அவரைத் தீட்டுகின்றது. பத்தாம் பகுதியில், பதவியில் உயர்ந்துவிட்ட வின்டர்ஸ் அவரை நிறுத்தி மரியாதை வணக்கம் செலுத்தவைக்கும்போது, முதன்முறை பார்ப்பவர் மகிழாதிருக்கமாட்டார். ஆனால் கரஹீ மலையில் அவர்களை ஏற இறங்க ஓட்டி, அவர்களுடைய உடலை இரும்பாக்கியவரும் அவரே. அந்தப் பயிற்சியே தம்மைக் காத்தது என்று அவரை வெறுத்தவர்களிலேயே சிலர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டனர். மெய்யான சோபல் பின்னாளில் தற்கொலைக்கு முயன்று, பார்வையிழந்து, 1987இல் மறைந்தார். இறுதிப் பகுதியில், வீரர்கள் பந்தாடும் காட்சியின்மேல் ஒவ்வொருவரின் பிற்கால வாழ்வும் அன்போடு கூறப்படுகின்றது. அந்த வரிசையில் சோபல் இல்லை. இதனை அறிந்தபின் அந்த வணக்கக் காட்சியைப் பார்த்து மகிழ இயலவில்லை.

ஒரு கம்பனியின் கதையிலே எல்லாரையும் எவ்வாறு அடக்குவது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. எல்லாவற்றையும் சொல்ல முயலும் படைப்பு எதனையும் சொல்லாது போய்விடும். பார்வையின் எல்லையே இந்நாடகத்துக்கு உயிரளித்தது. ஆகவே வட்டம் வரைந்தது குற்றமென்பது நம் வாதமன்று. வட்டத்தையே உலகமென்று பார்வையாளர் கொண்டுவிடுவதுதான் குற்றம். அதனைத் தடுக்கும் ஆற்றல் இந்நாடகத்தின் கடைசி இரண்டு பகுதிகளில் இருக்கின்றது.

ஒன்பதாம் பகுதியின் பெயர் ‘நாம் ஏன் போரிடுகிறோம்’. போர்க்காலத்தில் அமெரிக்க அரசு ஃபிராங் கப்ராவைக் கொண்டு எடுத்த பிரசாரப் படவரிசையின் பெயரும் அதுவே. 1945 ஏப்பிரலில் லான்ட்ஸ்பேர்க் நகருக்கு அருகே வீரர்கள் ஒரு வதைமுகாமைக் காண்கின்றனர். வரலாற்றின்படி அங்குள்ள கௌஃபெரிங் முகாமை முதலில் அடைந்தது 12ஆம் கவசப் படைப்பிரிவு; அதனை இங்கு வற்புறுத்தவேண்டியதில்லை. வற்புறுத்தவேண்டியது வேறு. ‘ஏன்’ என்ற வினாவுக்கு விடை, போர் முடியும் தறுவாயில்தான் கிடைக்கின்றது. ஃபொய்யிலே மடிந்தவர்கள் அவ்விடையைக் காணவில்லை. விடையைத் தருவதும் சகோதரத்துவமன்று. முள்வேலிக்கு அப்பால் நிற்கும் அந்நியரின் எலும்புக்கூடுகள் போன்ற உடல்களே அதனைத் தருகின்றன.

பத்தாம் பகுதியில் சரணடைந்த ஜேர்மானியத் தளபதி ஒருவர் தம் படையினருக்கு விடைகொடுத்துப் பேசுகிறார். ஓர் அமெரிக்க வீரன் அதனைத் தன் நண்பர்களுக்கு மொழிபெயர்க்கிறான். தம் ஆட்களிடையே களத்தில் விளைந்த பிணைப்பைப் பற்றியே அத்தளபதி பேசுகிறார். ஈசி கம்பனியினர் மௌனமாய்க் கேட்கின்றனர். அது அவர்களுடைய கதையுந்தான். முதன்முறை இதனைப் பகைவரிடமும் மனிதம் கண்ட காட்சியாகப் போற்றினோம். அவ்வாறு போற்றியதும் சரியே. ஆனால் இதனை முந்திய பகுதியோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். வதைமுகாம்களை நடத்திய அரசுக்காகப் போரிட்டவரிடத்தும் அதே சகோதரத்துவம் இருந்தது. அதே தியாகம் இருந்தது. எனவே பக்கத்தில் நிற்பவனுக்காக உயிர்கொடுத்தல் எத்துணை உயர்ந்ததாயினும், அது எந்தப் போரின் நியாயத்தையும் நிறுவாது. நியாயத்தை வேறிடத்தே தேடவேண்டும். வட்டத்துக்கு வெளியே நிற்பவர்க்கு அப்போர் என்ன செய்தது என்ற கேள்வியிலே தேடவேண்டும். போரின் ஓசையை வீட்டுக்குள் இருந்து கேட்டவர்க்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

இந்நாடகத்தை மாணவருக்குக் காட்ட விரும்பும் ஆசிரியர்கள், காட்டுவதோடு நின்றுவிடாது, இத்தகைய கேள்விகளையும் கூடவே வைப்பது நலம். பிளைத்தின் பிற்காலத்தை அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். ஒகஸ்டா ஷிவியைப் பற்றி ஒரு பக்கம் எழுதட்டும். அதனால் நாடகத்தின் மேலுள்ள மதிப்புக் குறைந்துவிடாது. தான் சொல்லாது விட்டவற்றைத் தேடிச் செல்லுமாறு நம்மைத் தூண்டவல்ல படைப்பு சிறிய படைப்பன்று. பத்துப் பகுதிகளையும் பார்த்து முடித்தவர் ஓராண்டு கழித்து மீண்டும் பார்க்கட்டும். முதல் முறை வீரரை நேசித்தோம். இரண்டாம் முறை அவர்கள் திரும்பிப் பாராதவரையும் பார்ப்போம்.