73 அப்படியே நிற்கட்டும்
இலையுதிர்காலத் தொடக்கத்தில், 2022 அக்டோபர் 4 அன்று, அந்தப் பருவத்தின் 62-ஆவது ஹோம் ரன்னை அடித்து, 1961 முதல் அமெரிக்கன் லீக்கில் நின்ற ரோஜர் மாரிஸின் 61-ஐக் கடந்துவிட்டார் ஆரன் ஜட்ஜ். பாராட்டுக்குரிய சாதனை. ஆனால் இதுவே பேஸ்பாலின் உண்மையான உச்சம், 2001-இல் பாரி பாண்ட்ஸ் அடித்த 73-ஐ ஏட்டிலிருந்து நீக்க வேண்டும் என்ற வாதத்தை ஏற்பதற்கில்லை. ஊக்கமருந்துச் சந்தேகம் அந்த ஆண்டுகளின் மீது படிந்திருப்பது மெய்தான். எனினும் தண்டனையுடன் கூடிய சோதனை 2004-இல்தான் வந்தது. அதுவரை காவல் போடாத நிர்வாகம் இன்று கணக்கைத் திருத்திக் கைகழுவ முடியாது. பழைய பருவத்தின் அளவான 154 ஆட்டங்களுக்குள் அடிக்கவில்லை என்று மாரிஸின் எண்ணையும் அன்று தனியே ஒதுக்கினார்கள். அந்த வேறுபாடு நீங்கியது 1991-இல், அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து. அதே அநீதி மீண்டும் வேண்டாம். 73 அருகே எந்தக் குறியும் இடாமல், சோதனையின்றிக் கழிந்த ஆண்டுகளுக்கான பொறுப்பை லீக் நிர்வாகம் தன் பெயரில் எழுதி ஏற்க வேண்டும்.