பாலிதீன் பையில் ஒரு ரிட்டர்ன் கிஃப்ட்

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் புலம்பல், கொஞ்சம் அறிவுரை. பொறுத்துக்கோங்க :)

நாங்க மும்பை வந்து பதினோரு வருஷம் ஆச்சு. இங்கே குழந்தைங்க பிறந்தநாள்னா கேக்கை விட ரிட்டர்ன் கிஃப்ட்தான் முக்கியம். போன வருஷம் எங்க சொசைட்டியில ஒரு பார்ட்டிக்குப் போன மகள், பாலிதீன் பையில ரெண்டு குட்டி கோல்டு ஃபிஷ், கூடவே ஒரு கண்ணாடிக் கிண்ணம்னு துள்ளிக்கிட்டு வந்தா. தங்கமணி பார்த்த பார்வையிலேயே இது என் டிபார்ட்மென்ட்னு புரிஞ்சுபோச்சு.

நானும் பொறுப்பான அப்பாவா, தினம் காலையில மொத்தத் தண்ணியையும் கொட்டி, கிண்ணத்தைத் தேய்ச்சுக் கழுவி, குழாய்த் தண்ணி பிடிச்சு ஊத்தினேன். மூணாம் நாள் ஒண்ணு போச்சு. அஞ்சாம் நாள் இன்னொண்ணு.

"அப்பா, நான் சாப்பாடு அதிகமா போட்டுட்டேனா?"

"இல்லடா கண்ணா, மீனுக்கு உடம்பு சரியில்ல"ன்னு சமாளிச்சேன். அப்புறம் உட்கார்ந்து படிச்சா, தப்பெல்லாம் என் கையில!

விஷயம் இதுதான். மீன் வெளியேத்துற அம்மோனியா அதோட செவுளையே அரிக்கும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும். அது அவ்வளவு ஆபத்தில்ல, செடிக்கு உரமும்கூட. இந்தப் பாக்டீரியா ஃபில்டர்லயும் மணல்லயும் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். கிண்ணத்துல அதுக்கு இடமே இல்ல. போதாததுக்கு நான் தினமும் ஊத்தின குளோரின் வேற.

அதனால இந்தத் தடவை தலைகீழா ஆரம்பிச்சேன். முதல்ல தண்ணி, அப்புறம் செடி, கடைசியிலதான் மீன். ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்துல ஒரு தொட்டி, சுமார் 50 லிட்டர். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ரெண்டு அங்குலம் ஆத்து மணல், தினம் ஏழு மணி நேரம் எல்.இ.டி. வெளிச்சம். வாலிஸ்நேரியாவை மணல்ல நட்டேன். அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் மரத்துண்டுல நூலால கட்டினேன் (இதுங்க தண்டை மண்ணுல புதைச்சா அழுகிடும்). பாக்டீரியாவுக்குத் தீனியா தினம் ஒரு சிட்டிகை மீன் உணவு.

அஞ்சு வாரம் வெறும் செடித்தொட்டி! வந்தவங்க எல்லாம் "மீன் எங்கே?"ன்னு கேட்டாங்க. டெஸ்ட் கிட்ல அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டின பிறகுதான் குர்லா மார்க்கெட்டுக்குப் போனோம். ஆறு ஜீப்ரா டானியோ. நம்ம கங்கைப் பக்கத்து மீன்தான், 1822லயே ஹாமில்டன் எழுதி வச்சிருக்கார். ஹீட்டர் தேவைப்படல. வாரம் கால்வாசித் தண்ணி மட்டும் மாத்துறோம், அதுவும் குளோரின் நீக்கினது. ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணியிலயே அலசுறோம். ஆறும் இன்னிக்கும் ஓடிப் பிடிச்சு விளையாடுது.

"வாடகை வீடு, நாளைக்கே டிரான்ஸ்ஃபர் வந்தா?"ன்னு கேப்பீங்க. மீனைத் தனியா எடுத்து, ஃபில்டரைக் காயவிடாம தொட்டித் தண்ணியில போட்டுக் கொண்டுபோனா, புது வீட்டுல முதல்லேருந்து தொடங்க வேண்டியதில்ல.

என் கோரிக்கை ஒண்ணுதான். தயவுசெஞ்சு உயிருள்ள மீனை ரிட்டர்ன் கிஃப்டா கொடுக்காதீங்க. "சின்ன மீன்தானே, செத்தா வேற வாங்கிக்கலாம்"னு ஒரு நண்பர் சொன்னார். நாம வாயைத் திறக்காமலே குழந்தைக்கு அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். பத்து நிமிஷத்துல எல்லாமே வாசலுக்கு வர்ற காலத்துல, ஒரு உயிரைக் கூட்டிட்டு வர அஞ்சு வாரம் காத்திருக்கணும்னு அவங்களுக்குத் தெரியட்டுமே.

டானியோ வந்த அன்னிக்கு மகள்கிட்ட உண்மையைச் சொன்னேன். "அந்த மீன் செத்தது உன்னால இல்லடா, என்னால."

கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துட்டு, "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? நான்தான்னு நினைச்சுட்டே இருந்தேன்"னா.

என்கிட்ட பதில் இல்ல.

டிஸ்கி: வளர்க்க முடியாத மீனை ஏரியில விட்டுடாதீங்க, கடைக்காரர்கிட்டயே திருப்பிக் கொடுங்க. அப்படி விட்ட சக்கர் மீன் நம்ம ஊர் நீர்நிலைகள்ல பெருகிக் கிடக்கு. இந்த வருஷம் எங்க வீட்டு ரிட்டர்ன் கிஃப்ட்? பாட்டில் தண்ணியில ஒரு மணி பிளான்ட் :)