காற்றைப் பற்றியும் கேளுங்கள், டாக்டர்

வடசென்னையில் ஆலைகள் சூழ்ந்த மணலி, எண்ணூர் பக்கம் வீடு வீடாகப் போய் மனநலம் விசாரிப்பது என் வேலை. தூக்கம் வருகிறதா, கடன் தொல்லை உண்டா, வீட்டுக்காரர் குடிக்கிறாரா என்று எங்கள் படிவத்தில் கேள்விகள் நீளும். எப்படிப்பட்ட காற்றைச் சுவாசிக்கிறீர்கள் என்ற கேள்வி மட்டும் அதில் கிடையாது. இனி அதையும் சேர்த்தே ஆக வேண்டும்.

அமெரிக்காவில் 15 கோடிப் பேரின் மருத்துவக் காப்பீட்டு விவரங்களையும் டென்மார்க்கில் 14 லட்சம் பேரின் பதிவுகளையும் அலசிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. மாசு மிகுந்த சூழலுக்கும் மனநோய்களுக்கும் தொடர்பு இருப்பதை அது காட்டியது. பிரிட்டனில் ஏறத்தாழ 3.9 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2023இல் வந்தது. மாசை நெடுங்காலம் சுவாசித்தவர்களிடம் மனச்சோர்வும் மனப்பதற்றமும் கூடுதலாக இருந்தன.

மாசு மட்டுமே காரணம் என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. வறுமை, இரைச்சல், வேலையின்மை எல்லாம் மாசோடு ஒரே தெருவில்தான் குடியிருக்கின்றன. ஆனால், பிஎம் 2.5 எனும் நுண்துகள் நுரையீரலைத் தாண்டி ரத்தத்தில் கலக்கக்கூடியது. உடலில் அழற்சியைத் தூண்டுகிறது. அந்த அழற்சி மூளையையும் விடுவதில்லை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எண்ணூரில் ஓர் அம்மா மாடிக் கொடியில் கிடந்த மகனின் வெள்ளைச் சட்டையை உதறிக் காட்டினார். காலர் மடிப்பில் கரி படிந்திருந்தது. “ஜன்னலைத் திறந்தா நெடி, மூடினா புழுக்கம். ராத்திரி புள்ளைக்கு இழுப்பு வந்துடுமோன்னு முழிச்சே கெடக்கேன்” என்றார். அவருக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஜன்னலைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

பிஎம் 2.5 ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. 2009இல் நாம் வகுத்த வரம்போ 40. எட்டு மடங்கு! அதைப் பாதுகாப்பான அளவு என்று மக்களிடம் எப்படிச் சொல்வது?

மாவட்ட மனநலத் திட்டத்தில் காற்று, வசிப்பிடம் பற்றிய கேள்விகள் இடம்பெறட்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலிலும் அன்றாட மாசு அளவைத் தமிழில் எழுதிவைக்கட்டும். ஆலை விரிவாக்கத்துக்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில், சுற்றுவட்டார மக்களின் மனநலம் குறித்த ஆய்வும் வைக்கப்பட வேண்டும். அது இல்லாவிட்டால் விரிவாக்கத்துக்கு அரசு அனுமதி தரக் கூடாது.