ஒளியும் மீனைக் குறை சொல்லாதீர்கள்

சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளிலிருந்து பாலித்தீன் பையில் வீடு வந்து சேரும் மீன், தொட்டியில் விட்டதும் ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொள்கிறது. இரை போட்டாலும் எட்டிப் பார்ப்பதில்லை. உடனே பழி மீன்மேல் விழுகிறது. நோய் பிடித்ததைக் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார் என்கிறார்கள். கண்ணாடியைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஒளிய இடம் இருப்பதால்தானே ஒளிகிறது என்று உள்ளே இருக்கும் கல்லையும் செடியையும்கூட எடுத்துவிடுகிறார்கள். இந்த மூன்றில் முதலாவது பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு. மற்ற இரண்டும் மீனுக்குச் செய்யும் கொடுமை. மீன் ஒளிந்தால் முதலில் சோதிக்க வேண்டியது தொட்டியைத்தான். நம் வீட்டுத் தொட்டிகளை எல்லாம் பார்ப்பவர் வசதிக்காகவே அமைக்கிறோம். உள்ளே வாழப்போகும் உயிரை யாரும் கேட்பதில்லை.

அந்த உயிரின் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். மீனின் உடலில் செவுளுக்குப் பின்னிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோடு, தண்ணீரின் சிறு அசைவையும் உணரும் உறுப்பு. காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் ஒலி தண்ணீரில் பரவுகிறது. நாம் விரலால் லேசாகத் தட்டுவது, ஓடி ஒளிய வழியில்லாத ஓர் உயிருக்கு லேசான விஷயமே அல்ல. தொட்டி மீன்களுக்கு இமையும் கிடையாது; இருட்டறையில் திடீரென்று எல்.இ.டி. விளக்கைப் போட்டால் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. இன்னொன்றும் உண்டு. தேனீக்களின் நடனத்தை விளக்கிப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், 1938-ல் மீன்களைப் பற்றி ஒன்றைக் கண்டறிந்தார். காயம்பட்ட மீனின் தோலிலிருந்து ஒரு பொருள் தண்ணீரில் கலக்கிறது. அதை உணர்ந்ததும் அதன் இனத்து மற்ற மீன்கள் மிரண்டு ஒளிகின்றன. கெண்டைக் குடும்பத்து மீன்கள், டெட்ராக்கள், கெளுத்திகள் என்று நாம் வளர்ப்பவற்றில் பலவற்றுக்கு இந்த எச்சரிக்கை ஏற்பாடு இருக்கிறது. வலையால் துரத்திப் பிடிக்கும்போது ஒரு மீனின் தோல் சிராய்த்தால், அதோடு வந்த மற்ற மீன்களுக்கும் சேர்த்து அபாயமணி அடித்தாகிவிட்டது. வலையை விட்டு டப்பாவில் மொண்டு மாற்றச் சொல்லும் அனுபவசாலிகளின் பேச்சில் காரணம் இருக்கிறது.

நியான் டெட்ராவை எடுத்துக்கொள்வோம். அமேசான் காட்டு ஓடைகளில், மட்கிய இலைகளின் சாறு இறங்கிக் கடும் டீயின் நிறத்தில் ஓடும் தண்ணீரில், மர நிழலில், கூட்டமாக வாழும் மீன் அது. அதில் இரண்டை மட்டும் வாங்கி, வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, நாற்புறமும் கண்ணாடியாக, உச்சியில் பளீர் விளக்கோடு நடுக்கூடத்தில் வைக்கிறோம். சிவப்பும் நீலமும் வெளுத்து, துடுப்பை உடலோடு ஒட்டிக்கொண்டு மூலையில் அது நிற்பதில் ஆச்சரியம் என்ன? பரிகாரம் செலவு பிடிக்காதது. பின்பக்கத்தையும் ஒரு பக்கவாட்டையும் கறுப்புத் தாளால் மூடலாம். தரைக்குக் கருநிற மணல் போதும். தெருவோர நாட்டுவாதுமை மரத்தடியில் பூச்சிமருந்து படாத சருகு கிடைத்தால் கழுவிப் போடலாம். தண்ணீர் மெல்லப் பழுப்பேறும். முதல் நாள் விளக்கே வேண்டாம். ஆறு மீனாவது சேர்ந்து இருக்கட்டும். சுவிட்சர்லாந்தில் 2008-ன் விலங்குப் பாதுகாப்பு விதிகள், அலங்கார மீன் தொட்டி எல்லாப் பக்கமும் திறந்து தெரியக் கூடாது என்றே சொல்கின்றன. அங்கே சட்டம் செய்வதை இங்கே ஒரு முழத் தாள் செய்துவிடும்.

இத்தனை மறைவிடம் கொடுத்தால் மீன் வெளியே வரவே வராதே என்பார்கள். நடப்பது நேர்மாறு. ஓடிப்போய்ப் புக இடம் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்த மீன்தான் துணிந்து நடுவில் நீந்தும். மேல்மட்டத்தில் பதற்றமின்றித் திரியும் சில சாதுவான மீன்களைக் கூட விடுவதும் இதனால்தான். அவை உலவுவதைப் பார்த்து, ஆபத்தில்லை என்று கூச்ச மீன் கணக்குப் போடுகிறது. சில மீன்கள் பிறவியிலேயே கூச்சமுள்ளவை, அவற்றை மாற்ற முடியாது என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. அமெரிக்க உயிரியலாளர் டேவிட் ஸ்லோன் வில்சனும் சகாக்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், தாமாகப் பொறிக்குள் நுழைந்த சன்ஃபிஷ் மீன்கள் ஆய்வகத்தில் சீக்கிரம் இரை எடுத்தன. வலை வீசிப் பிடித்தவற்றுக்கு அதிக காலம் பிடித்தது. ஆனால் தனித்தனியே நெடுநாள் வைத்திருந்தபோது அந்த வேறுபாடு மறைந்துபோனது. குணம் உண்டு, சூழல் அதை மாற்றுவதும் உண்டு. மாற்ற முடிகிற பாதியைச் செய்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

ஒளிவதெல்லாம் கூச்சம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. புதுத் தொட்டியில், கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டு, போட்ட இரை மட்கக் கிடந்தால், அலங்காரம் எதுவும் காப்பாற்றாது. மீன் மேலே வந்து வாயைப் பிளந்தாலும், செவுள் படபடத்தாலும், உடலில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும் பார்க்க வேண்டியது தண்ணீரையும் நோயையும்தான். ஓயாத அச்சம் மீனின் நோய் எதிர்ப்பைக் குறைப்பதால் இரண்டும் கைகோத்து வருவதும் உண்டு.

காசு கொடுத்து வாங்கியது பார்க்கத்தானே என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தொட்டியில் இல்லை, கடையில் இருக்கிறது. பகலெல்லாம் கண்ணெதிரே ஓடியாட வேண்டுமென்றால் கப்பியும் பிளாட்டியும் இருக்கின்றன. குஹ்லி லோச் இரவில் உலவும் மீன். பகலில் அதைத் தேடுவது நம் தவறு. டேங்க் கிளீனர் என்று விற்கப்படும் சக்கர் மீனும் அப்படித்தான். ஒளிகிறது, பெருத்துவிட்டது என்று அதை ஏரியில் கொண்டுபோய் விடுவது நாட்டு மீன்களுக்கும் வலை போடுபவர்களுக்கும் செய்யும் துரோகம். அடுத்த முறை விலையைக் கேட்கும் முன், இது பகலில் வெளியே வருமா, எத்தனை சேர்ந்து இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாக வளரும் என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் மீன் வாங்காதீர்கள்.