விலையில்லாப் பெங்குவின்

எங்கள் பக்கத்துக்காரனுக்கு 'இன்ஸ்டால்', 'அன்இன்ஸ்டால்' பற்றியெல்லாம் யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1995 செப்டம்பர் 30-ம் தேதி திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டம் ஆனோம். 2001 ஜனவரி 1-ல் அரியலூர் தனியாகப் போனது. 2002 மார்ச் 31-ல் 'வேண்டாம், சேர்ந்தே இருங்க' என்று ஒட்ட வைத்தார்கள். 2007 நவம்பர் 23-ல் 'சரி, பிரிஞ்சே போங்க' என்று மறுபடி வெட்டினார்கள். அரியலூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்த என் அப்பா சொல்வார்:

"கயித்துக் கட்டிலை ஒரு அடி நகத்தலடா. நாலு தடவை மாவட்டம் மாறிட்டேன்!"

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். ஒரே ஹார்ட் டிஸ்க்கைப் பாகப்பிரிவினை செய்து இந்தப் பக்கம் விண்டோஸ், அந்தப் பக்கம் லினக்ஸ் என்று குடிவைக்கலாம். பிடிக்காவிட்டால் சேர்க்கலாம். மறுபடி பிரிக்கலாம். கட்டில் மட்டும் நகராது.

* * *

2025 ஜூன் மாதம். அக்கா ஒரு கட்டைப்பையோடு பெரம்பலூர் வீட்டுக்கு வந்தாள். பைக்குள் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், அதற்கும் அடியில் ஒரு லேப்டாப். பின்னாலேயே அக்கா மகள். காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள். பதினெட்டு வயசானாலும் வீட்டில் பாப்பாதான்.

"தம்பி, இது ஓட மாட்டேங்குது. கடையில காட்டினா 'டிஸ்க் போச்சு, ஃபார்மட் பண்ணணும், எதுக்கு, புதுசே வாங்கிக்குங்க'ன்றான். நாப்பதாயிரமாம். மக்காச்சோளம் போட்ட காசு விதைக்கும் உரத்துக்குமே சரியாப் போச்சு. நீதான் ஏதாச்சும் பாரு."

லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடையாளம் தெரிந்தது. பெரிய மருமகன் 2013-ல் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. இலவச லேப்டாப் என்று சொல்லிவிடாதீர்கள்... விலையில்லா மடிக்கணினி! 2011 செப்டம்பர் 15-ல் ஆரம்பித்த திட்டம். அப்போது பெட்டிக்குள் இரண்டு சிஸ்டம் வந்தது. ஒன்று விண்டோஸ். இன்னொன்று 'பாஸ்' லினக்ஸ்.

பாஸ் என்றால் முதலாளி இல்லை. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-ல் முதல் பதிப்பை வெளியிட்டது. தமிழ் உள்பட இந்திய மொழிகள் உள்ளேயே இருந்தன. காசு கிடையாது. காப்பி அடித்தால் கேஸும் கிடையாது.

அன்றைக்கு மருமகன் கேட்டான்: "மாமா, இந்த பாஸை என்ன பண்றது?"

"அதெல்லாம் எவன்டா யூஸ் பண்றான்? நூறு ரூவா குடுத்தா கடையில எடுத்துட்டு முழுசா விண்டோஸ் ஏத்திக் குடுப்பான்."

அந்த அரிய யோசனையைச் சொன்ன மேதை வேறு யாருமில்லை, அடியேன்தான். அது திருட்டு விண்டோஸ் என்பது மருமகனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கடைக்காரருக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த நூறு ரூபாய், வட்டியோடு கட்டைப்பையில் வந்திருக்கிறது.

* * *

நமக்கும் லினக்ஸுக்கும் பழைய பகை உண்டு. 2005 வாக்கில் உபுண்டுக்காரர்கள் உலகத்தில் யார் கேட்டாலும் தபாலில் சிடி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தபால் செலவுகூட அவர்களுடையது. 2011 வரை இந்தத் தர்மம் நடந்தது. நண்பன் ஒருவன் பெரம்பலூர் விலாசம் கொடுத்து வாங்கினான். சும்மா வருகிறதே என்று பத்து சிடி. பயன்படுத்தியது ஒன்று. மிச்சம் ஒன்பதும் மக்காச்சோளக் கொல்லையில் கயிறு கட்டித் தொங்கின. வெயிலில் பளபளத்து கிளிகளை நன்றாகவே விரட்டின. மார்க் ஷட்டில்வொர்த்துக்கு இந்தத் தகவல் போயிருக்காது.

தமிழ்நாட்டில் லினக்ஸை யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 2006, 2007 வாக்கில் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அந்த அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றினார். 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, துறைகளெல்லாம் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று மாநில அரசு சொன்னது. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருஷமாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். நாம்தான் கடைக்காரரிடம் நூறு ரூபாய் நீட்டினோம்.

எக்ஸ்பிக்கு வந்த கதி பத்தாவது விண்டோஸுக்கும் வந்தது. 2025 அக்டோபர் 14-ஐக் கடைசி நாளாக அறிவித்துவிட்டார்கள். பதினொன்றுக்குப் போகலாம் என்றால், பழைய மெஷினைப் பார்த்து 'டிபிஎம் 2.0 சிப் இருக்கா?' என்று கேட்கிறது. 2013 லேப்டாப்பிடம் டிபிஎம் கேட்பது, என் தாத்தாவிடம் ஆதார் கார்டு கேட்பது மாதிரி.

* * *

ஆக, லினக்ஸைத் தவிர வழியில்லை. எங்கள் லாரி ஆபீஸில் டெஸ்பாட்ச் பார்க்கும் பையன் ஒரு பென் டிரைவ் கொடுத்தான். "லினக்ஸ் மின்ட் 22.1 சார். எக்ஸ்எஃப்சிஇன்னு லேசான வகை. ரெண்டு ஜிபி ராம்லயும் நடக்கும், நாலு இருந்தா ஓடும்."

மின்ட்காரர்கள் பதிப்புக்குப் பதிப்பு பெண் பெயராக வைக்கிறார்கள், அகர வரிசைப்படி. 2006-ல் முதலில் வந்தது ஏடா. அப்புறம் வனெஸ்ஸா, வீரா, விக்டோரியா, வர்ஜீனியா, வில்மா... என் கையிலிருந்த 22.1 பெயர் ஜியா. மனைவி பக்கத்தில் இருக்கும்போது "ஜியா வந்துட்டா" என்று உரக்கச் சொல்ல வேண்டாம். அனுபவம்.

பென் டிரைவைச் செருகி ஆன் செய்தேன். இதுதான் லினக்ஸின் பெரிய சௌகரியம். டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பெண் பார்க்கப் போய் பஜ்ஜி சாப்பிடுகிற மாதிரி. பிடித்தால் பேசி முடிக்கலாம்.

மின்ட் சின்னம் வந்தது. திரை வந்தது. கடைக்காரர் 'போச்சு' என்ற லேப்டாப்! எனக்குத் தலைகால் புரியவில்லை. பஜ்ஜியைக்கூடத் தொடாமல் நேராகத் தாலி கட்டப் போனேன். இன்ஸ்டால், அடுத்து, அடுத்து... 'டிஸ்க்கை முழுக்க அழித்து நிறுவலாமா?' என்று கேட்டது. மவுஸை அங்கே கொண்டுபோனேன்.

"மாமா, நில்லுங்க."

"என்ன பாப்பா?"

"தாத்தா உள்ள இருக்காரு."

கை அப்படியே நின்றது.

2013-ல் பாப்பாவுக்குச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் அவள் அலறிக்கொண்டிருக்க, பக்கத்தில் என் அப்பா சிரித்துக்கொண்டிருப்பார். மருமகன் யாரிடமோ டிஜிட்டல் கேமரா இரவல் வாங்கி எடுத்தது. மெமரி கார்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பிரின்ட் போடவில்லை. "அப்புறம் போட்டுக்கலாம்" என்றோம். 2016-ல் அப்பா போய்விட்டார். அவர் சிரிக்கிற போட்டோ என்று எங்கள் குடும்பத்தில் இருந்தது அந்த லேப்டாப்பில் மட்டும்தான். மாலை போட்டு மாட்டியிருப்பது ரேஷன் கார்டுக்கு எடுத்த முறைப்பு.

இன்ஸ்டாலை மூடினேன். ஃபைல் மேனேஜரைத் திறந்தால் பழைய டிஸ்க் தெரிந்தது. கிளிக் செய்தேன். திறந்தது! கெட்டுப்போயிருந்தது அந்தத் திருட்டு விண்டோஸ்தான். டிஸ்க்கும் ஃபைல்களும் இருந்தன. விண்டோஸ் எழுதியதை லினக்ஸ் படிக்கும். வீட்டுக்காரர் மயங்கிக் கிடந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் கொல்லைக் கதவு வழியாகப் போய் சாமானை எடுத்துத் தருகிற மாதிரி.

பாப்பாவே தேடினாள். 'காதுகுத்து' என்று ஒரு ஃபோல்டர். நாற்பத்தொரு படம். பதினேழாவது படத்தில் அப்பா. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவரு கையில பாரு, நம்ம பழைய வாட்ச்" என்றாள்.

இரண்டு பென் டிரைவில் காப்பி எடுத்தோம். ஒன்று அக்கா வீட்டில், ஒன்று என் வீட்டில். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எந்த சிஸ்டத்துக்கு மாறினாலும் முதல் வேலை இதுதான். ஒரே இடத்தில் இருக்கும் போட்டோ, இல்லாத போட்டோவுக்குச் சமம்.

* * *

அப்புறம் ராமை நாலு ஜிபி ஆக்கி, பழைய டிஸ்க்கைக் கழற்றி ஒரு எஸ்எஸ்டி போட்டோம். இரண்டாயிரத்துச் சொச்சம்தான். திறந்தபோது உள்ளே அரை மூட்டை சிமென்ட் தூசி. அரியலூர் ரோட்டோரம் குடியிருந்த லேப்டாப் ஆயிற்றே! இன்ஸ்டால் ஆக அரை மணி நேரம். தமிழ்99 விசைப்பலகையும் அதிலேயே இருந்தது.

பிறகுதான் குடும்ப வரலாறு தெரிந்தது. 1993-ல் பிறந்த டெபியனின் பிள்ளை உபுண்டு. உபுண்டுவின் பிள்ளை மின்ட். நம்ம பாஸும் டெபியனின் பிள்ளைதான். அதாவது 2013-ல் சித்தப்பனை விரட்டிய வீட்டில், 2025-ல் பேரன் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

உடனே உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கை வைக்காதீர்கள். எங்கள் லாரி ஆபீஸ் கணக்கு டாலியில் இருக்கிறது. அது விண்டோஸுக்கென்றே செய்தது. முதலாளியின் பழைய தமிழ்க் கடிதங்கள் வேறு, யூனிகோட் வருவதற்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் 'மதிப்பிற்குரிய ஐயா' என்பது கெட்ட வார்த்தை மாதிரி தெரிகிறது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம். வீட்டு மெஷினில் பழகுங்கள், ஆபீஸ் தானாக வரும்.

* * *

அக்டோபரில் 22.2 வந்திருந்தது. பெயர் ஜாரா. "அப்கிரேடு பண்ணிடலாம் மாமா" என்றாள் பாப்பா. நான் அனுபவஸ்தன் ஆயிற்றே! "நான் பண்றேன், நீ பாத்துக்க" என்று உட்கார்ந்தேன். அறுபது சதவீதம் போயிருக்கும்.

டப்!

கரண்ட் போச்சு. பன்னிரண்டு வயசு பேட்டரி, அதுவும் கூடவே உடன்கட்டை ஏறியது.

கரண்ட் வந்து ஆன் செய்தால் கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. எனக்கு வியர்த்தது. "போச்சு பாப்பா! நாப்பதாயிரம்... கடைக்காரன் சொன்னப்பவே கேட்டிருக்கணும்..."

அவள் என்னை லேசாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். உள்ளே நுழைந்து அப்டேட்டுக்கு ஒரு கட்டளை கொடுத்தாள். இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. நான் எர்ரர் என்றவுடன் கண்ணை மூடிக்கொள்கிற ஜாதி. அவள் அதை மெதுவாகப் படித்தாள்.

"மாமா, வேலை பாதியில நின்னுடுச்சாம். என்ன அடிக்கணும்னு அதுவே சொல்லுது."

"அதுவேவா?"

"ஆமா. சூடோ டிபிகேஜி, ரெண்டு கோடு கான்ஃபிகர், ஒரு கோடு ஏ."

அடித்தாள். எழுத்துகள் சரசரவென்று ஓடின. விட்ட இடத்திலிருந்து மீதி நாற்பது சதவீதத்தையும் முடித்துக்கொண்டு ஜாரா வந்து நின்றாள். திரையில் தாத்தா சிரித்தார். பாப்பா அந்தப் படத்தைத்தான் வால்பேப்பராக வைத்திருக்கிறாள்.

இங்கிலீஷில் 'ஃப்ரீ' என்று ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள். நமக்கு இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஆரம்பித்ததும், 1991-ல் ஹெல்சிங்கியில் இருபத்தொரு வயசு மாணவன் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காக எழுதியதும் இரண்டாவது ரகம். திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவனுக்குத் தரலாம். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கும் அடிப்படை அந்த லினக்ஸ்தான். எனக்குக் கிடைத்தது நாற்பதாயிரம் மிச்சம். அவளுக்குக் கிடைத்தது, மெஷின் சொல்வதைப் பயப்படாமல் படிக்கிற பழக்கம். எது பெரிசு என்று எனக்குத் தெரியும்.

"பிரமாதம் பாப்பா! அடுத்து எதை அப்கிரேடு பண்ணலாம்?" என்றேன் உற்சாகமாக.

அவள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பழைய மெஷின்தான். ஆனா ட்ரை பண்ணலாம் மாமா."