டெக்ஸ் வில்லர் படம்: குத்தம் ஹீரோ மேல இல்ல

சம்பா நடவு முடிஞ்சு முதல் களைக்கு இன்னும் நாள் இருக்கு. வழக்கமா நெல்லு, மாடு, வாய்க்கால்னு எழுதுற நான் இன்னைக்கு ஒரு கௌபாய் படத்தப் பத்தி எழுதப்போறேன். காமிக்ஸ் பக்கமே போகாதவங்க இந்த ஒரு பதிவ விட்டுடுங்க, கோச்சுக்க மாட்டேன்.

படம் பேரு ‘டெக்ஸ் அண்ட் தி லார்ட் ஆஃப் தி டீப்’. 1985ல இத்தாலிக்காரங்க எடுத்தது. சிவகாசியிலேருந்து வர்ற லயன் காமிக்ஸ்ல நாம படிக்கிற அதே டெக்ஸ் வில்லர் தான். மஞ்சச் சட்டை, கழுத்துல துணி, பக்கத்துல எப்பவும் புலம்பிக்கிட்டே வர்ற வெள்ளிமுடியார் கார்சன். ஜியான் லூய்ஜி பொனெல்லி எழுத, கலெப்பினி படம் வரைய, 1948ல இத்தாலியில ஆரம்பிச்ச கதை இது. இன்னைக்கும் அங்க நிக்காம வந்துக்கிட்டிருக்கு. இத்தன வருசத்துல இந்த ஆள வச்சு வந்த சினிமா இது ஒண்ணே ஒண்ணு. ஓடல. அதோட கதவ சாத்திட்டாங்க.

லயன் காமிக்ஸ் 1984ல ஆரம்பிச்சது. ‘தலைவாங்கிக் குரங்கு’ன்னு டெக்ஸ் நம்ம ஊருக்கு வந்ததும் ஏறக்குறைய அந்தப் படம் வந்த காலம் தான். அங்க அவரு தியேட்டர்ல விழுந்தாரு, இங்க பெட்டிக்கடையில எழுந்து நின்னாரு. நான் அப்ப பள்ளிக்கூடம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல புத்தகம் தொங்க விட்டிருக்கிற கடைக்கு முன்னாடி நின்னு அட்டையப் பாத்துட்டு, காசு சேத்து அடுத்த தடவை வாங்குவேன். அப்படி ஒரு சினிமா இருக்குன்னே தெரியாது. இப்ப தான் பையன் போன்ல தேடி எடுத்துக் குடுத்தான். இத்தாலிப் பேச்சு, கீழ இங்கிலீஷ் எழுத்து. பாதி புரிஞ்சுது, மீதி கதை தெரியும்கிறதால ஓடிடுச்சு.

நம்ம வாசகர்கள் நாலு பேரு சேர்ந்தா இந்தப் படத்தத் திட்டாம கலைய மாட்டாங்க. முக்கால்வாசிப் பேரு திட்டுறது ஹீரோவ. கியூலியானோ ஜெம்மா. ‘இவரு மூஞ்சி டெக்ஸ் மூஞ்சியா?’, ‘இந்த ஒல்லி உடம்பு அடிச்சா எவன் விழுவான்?’, ‘சிரிச்சா காதல் பட ஹீரோ மாதிரி இருக்கு’. நெய்வேலி புத்தகக் கண்காட்சியில பாத்த ஒரு நண்பர், ‘எங்க டெக்ஸ நான் மனசுல வச்சிருக்கேன் சார், இவரப் பாத்தா அது கெட்டுப்போகுது, பாதியில நிறுத்திட்டேன்’னாரு. அது நியாயம் தான். ஆனா நிறுத்தின பாதிக்கப்புறமும் குறை சொல்லிக்கிட்டிருந்தாரு!

எனக்கு ஜெம்மா மேல கோவம் இல்ல. சண்டைக் காட்சிகள்ல குதிக்கிற ஆளா சினிமாவுக்குள்ள வந்தவரு. 1965ல ‘எ பிஸ்டல் ஃபார் ரிங்கோ’ன்னு ஒரு படம், இதே டைரக்டர் டூச்சியோ டெஸ்ஸாரி எடுத்தது, அதுல பேரு வாங்கினவரு. டெக்ஸ் பண்ணும்போது வயசு 47 கிட்ட. குதிரையில உக்காந்தா உக்காந்த மாதிரி இருக்காரு. நம்ம டெக்ஸுக்கும் என்ன 25 வயசா? கார்சனா வர்ற வில்லியம் பெர்கரும் பரவாயில்ல. கதை எழுதின பொனெல்லியே செவ்விந்தியக் கிழவர் வேசம் போட்டு வந்து கதை சொல்றாரு. அந்த ஒரு காட்சிக்காகவாவது படத்தப் பாக்கலாம்.

என் குறை வேற. எடுத்த கதை தப்பு.

இத்தாலியில 101லேருந்து 103 வரைக்கும் மூணு புத்தகமா வந்த கதை அது. ஒரு பச்சைக் கல்லு. அது மேல பட்டா மனுசன் வத்தி மம்மி ஆயிடுவான். மலைக்கடியில ஒரு குகை, பழைய ராஜ வம்சம், ஒரு பூசாரி, ஒரு இளவரசி. வெள்ளைக்காரனை விரட்ட அவங்க திட்டம் போடுறாங்க, டெக்ஸ் போய்த் தடுக்குறாரு. புத்தகமாப் படிக்க நல்லா தான் இருக்கும். மந்திரக் கதை டெக்ஸுக்குப் புதுசும் இல்ல, மெபிஸ்டோ கதைன்னா நானும் ராத்திரி கண்ணு முழிச்சுப் படிக்கிறவன் தான். ஆனா அது 101வது புத்தகம்ங்க. அதுக்கு முன்னாடி நூறு புத்தகத்துல இந்த மனுசன் யாருன்னு வாசகனுக்குத் தெரியும். நவஹோ மக்களோட தலைவரு, ரேஷன் மாவுல கலப்படம் பண்ற ஏஜெண்டைத் தூக்கிப் போட்டு மிதிச்சவரு, பட்டாளத்துக்காரனையே எதுத்து நின்னவரு. அதனால அவரு ஒரு பூர்வகுடிக் கூட்டத்த எதுத்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு நம்புவோம். சினிமாவுக்குப் புதுசா வர்றவனுக்கு இந்தக் கணக்கு ஒண்ணும் தெரியாது. நெலத்தப் பறிகொடுத்தவன் குகைக்குள்ள வில்லனா நிக்கிறான், தொப்பி போட்டவன் வந்து சுடுறான். அவ்வளவு தான் அவன் கண்ணுக்குத் தெரியும். மூணு புத்தகத்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள அடைச்சதுல டெக்ஸும் கார்சனும் ஒருத்தர ஒருத்தர் கிண்டல் பண்ணிக்கிட்டு சுட்ட கறியும் வறுத்த உருளைக்கிழங்கும் தின்ன நேரமும் போச்சு.

எங்க பக்கத்துல டெக்ஸ் ஏன் புடிச்சுதுன்னு நான் யோசிச்சுப் பாக்குறேன். நாங்க கடைமடை. கீழணையில தண்ணி தொறந்தாச்சுன்னு பேப்பர்ல போட்டோவோட வரும். வடவாறு, வீராணம்னு சுத்தி எங்க மதகுக்கு வர்றதுக்குள்ள நாத்து பழுத்துடும். நடுவுல ஒருத்தன் இன்ஜின் போட்டு எறைப்பான், ஒருத்தன் மடையத் தன் பக்கம் திருப்புவான். முறைத்தண்ணிக்குக் காவல் இருக்கிற ராத்திரியில டார்ச்ச வச்சுக்கிட்டு நான் படிச்ச டெக்ஸ் கதையில ஆத்த மறிச்சு சின்ன விவசாயிய ஓட வைக்கிற பெரிய பண்ணைக்காரன் வருவான். அவன் கையில இருக்கிற ஷெரிப் வருவான், கையெழுத்து வாங்கி நெலத்த எழுதிக்கிற வக்கீல் வருவான். டெக்ஸ் நேராப் போயி அந்தப் பண்ணைக்காரனோட சாப்பாட்டு மேசையிலேயே அவன் பல்ல உடைப்பாரு. அந்த அரிசோனா எனக்கு மண்ணோ மலையோ இல்ல, கோடையில வறண்டு கெடக்கிற கொள்ளிடம் தான். நடவு செய்யிற மக்களுக்கு ஒரு பஞ்சாயத்து வேணும், சீக்கிரமா வேணும், அது கருப்பு வெள்ளையில 100 பக்கத்துல கெடைச்சுது. அத விட்டுட்டுப் பச்சைக் கல்லுக்குப் பின்னாடி போனா யாருக்கு என்ன பசி தீரும்?

இன்னொரு கூட்டம் இருக்கு. ‘நம்ம ஆளுங்க தமிழ்ல எடுக்கணும், அப்ப தான் சின்னப் பசங்க காமிக்ஸ் பக்கம் வருவாங்க’ன்னு சொல்றவங்க. ஆசை புரியுது. படிக்கிற நம்ம எல்லாருக்கும் தலை நரைச்சாச்சு, எனக்குத் தெரிஞ்சு எங்க ஊர்ல இப்ப டெக்ஸ் படிக்கிறது நான் ஒருத்தன் தான். எனக்கப்புறம் என் பெட்டியில இருக்கிறத எடைக்குப் போடுவாங்களோன்னு பயம் இருக்கு. ஆனா தமிழ்ல தொப்பி போட்டு எடுத்தது நடக்காத விஷயமும் இல்ல. கர்ணன் ஜெய்சங்கரை வச்சு 1972ல ‘கங்கா’ எடுத்தாரு, 1975ல ‘எங்க பாட்டன் சொத்து’. குதிரை நெசமாவே ஓடும், கேமரா கூடவே ஓடும். 2010ல சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ எடுத்தாரு. காமிக்ஸ் படிச்ச கை எடுத்த படம்னு பாத்த உடனே தெரிஞ்சுது, ஆனா அது சிரிப்புப் படம். அதப் பாத்துட்டு எந்தப் பையன் டெக்ஸ் கேட்டு வந்தான்? என் தங்கச்சி பையன் படிக்க ஆரம்பிச்சது, காய்ச்சல்ல படுத்திருந்தப்போ தலைமாட்டுல நான் ஒரு புத்தகத்த வச்சுட்டு வந்ததுனால தான்.

யாராவது திரும்ப எடுக்குறதுன்னா ‘கார்சனின் கடந்த காலம்’ எடுக்கட்டும். வயசான ஒருத்தன் தன்னோட இளமைக்காலத்துக்கும், அப்ப விட்டுட்டு வந்த பொண்ணுக்கும், பழைய துரோகத்துக்கும் பதில் சொல்லப் போற கதை. குகையும் வேணாம், கல்லும் வேணாம். டெக்ஸா எவன் வேணா நடிச்சுக்கட்டும், அதுல டெக்ஸ் கூடப் போற ஆளு தான். கார்சனுக்குத் தான் நல்ல ஆளாப் பாக்கணும். யாரப் போடலாம்னு கீழ எழுதுங்க. களை எடுக்க ஆள் வர்ற வரைக்கும் எனக்கும் படிக்க ஏதாவது வேணும்.